நுரைத்த முத்துப்பொடி

மகள் பள்ளிப் பாடத்துக்காக ஏதோ வெள்ளைப் பொடியில் எலுமிச்சம்பழம் பிழிகிறாள். அது நுரைப்பதைப் பார்த்ததும் எனக்கு வாய் கசக்கிறது.

தென்காசியில் அம்மா சோகை பிடித்து இளைத்திருந்த சாரல் காலம் அது. குற்றாலத்துக்கு வந்திருந்த ஒரு வைத்தியரிடம் அப்பா முத்துப்பொடி வாங்கிவந்து, தேனில் குழைத்து அவளுக்குக் கொடுத்தார். வைத்தியர் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டியதும் பொடி நுரைத்ததே, அசல் முத்து என்பதற்கு அதுதான் அப்பாவுக்குச் சாட்சி. அம்மாவுக்கோ வயிற்றுவலி வந்தது; ஈறு நீலம் பாரித்தது.

கல்லூரியில் ரசாயனம் படித்த சித்தப்பா, நகை செய்யும் ஆசாரியின் தராசில் பொடியை எடை போட்டு, அவர் உலையிலேயே சுட்டு, மறுபடியும் எடை போட்டார். பொடி மஞ்சளாகியிருந்தது.

“முத்துன்னா சுட்டதும் கிட்டத்தட்ட பாதி எடை போயிரும், அண்ணாச்சி. இதுல ஆறுல ஒரு பங்குதான் போயிருக்கு. இது ஈயத்து உப்பு, விஷம். அதுவும் நுரைக்கத்தான் செய்யும். மதினிக்குக் குடுக்காதிய.”

“ஏலே, ரெண்டெழுத்து படிச்சுட்டு வைத்தியருக்கே பாடம் சொல்லுதியா? நான் என்ன ஏமாந்த பயலா?”

அன்று மாலையும் அப்பா தேனில் குழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். சாரல் நிற்பதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

“இது என்ன பொடின்னு கண்டுபிடிச்சுட்டேன், அம்மா!” என்று மகள் குதிக்கிறாள்.

நாங்களும்தான் கண்டுபிடித்தோம்.