துடைக்கிறது மருந்தா?

நர்சிங் படிக்கப் போனால் செருப்புக்கு முன்னால் நாக்கு தேய்ந்துவிடும், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்ற ஒரே கேள்வியை அத்தனை பேரிடமும் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு "இல்ல, இல்ல" என்று தலையாட்டியிருக்கும் சக அவஸ்தைக்காரர்களே, அந்தக் கேள்வி படுகிற பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

மந்து

திருப்பதியில் எங்கள் வார்டில் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து வெளியே வரும். தெலுங்கில் 'மந்து படதா?' என்றால் மருந்து ஒத்துக்காதா என்று அர்த்தம். சாராயத்துக்கும் அதே மந்துதான் பெயர்.

பாகாலாவிலிருந்து குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவரிடம் இப்படிக் கேட்டுவிட்டேன். மனுஷன் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மந்தா? ஐயோ மேடம், அத நான் தொடறதே இல்ல!" பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னார்: "எழுதிக்க பாப்பா. ஆனா பென்சில்ல எழுது."

பயந்தாங்கொள்ளி

செல்வியக்கா நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் ரத்தம் கொட்டி, தறியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும் என்கிற நிலை. முன்பு சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷனுக்குப் படுக்க வைத்திருக்கிறார்கள். சிறுநீர்க் குழாய் சொருகி, மரத்துப்போகிற ஊசிக்காக முதுகைத் துடைத்திருக்கிறார்கள். ஊசி குத்துவதற்கு முன்பே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்துவிட்டது. எப்படியோ பிழைக்க வைத்து, "பயத்தில் இப்படி ஆகும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"இவ பயந்தாங்கொள்ளி மேடம்" என்றார் கணவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பயத்துல உடம்பு தடிக்குமாண்ணா? ஒவ்வொரு பரீட்சைக்கும் நான் பயந்து சாகிறேன், ஒரு கொசுக்கடி அளவுகூட தடிக்கலையே?" அவர் என்னையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை வாயே திறக்காத அக்கா மெதுவாகச் சொன்னார்: "வூட்ல பாம்பு வந்தா கட்ட எடுக்கறது நான்தான் பாப்பா. இவரு கட்டில் மேல நின்னுக்கினு வழி சொல்வாரு."

ரோஸ் தண்ணி

மருந்து எதுவும் ஒத்துக்காதா என்று சித்தூரிலும் கேட்டார்களாம், எங்கள் டாக்டர்களும் கேட்டார்கள். அக்கா எல்லோரிடமும் இல்லை என்றே சொன்னார். நான் கேள்வியை மாற்றினேன்: "உடம்புல எதையாவது தடவி, துடைச்சு, கழுவி, எப்பவாவது வீங்கியிருக்காக்கா?"

கொட்ட ஆரம்பித்தார். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டை பட்டுக் கை கிழிந்தபோது, கட்டுப்போடுமுன் காயத்தைக் கழுவிய இடம் முழங்கை வரை வீங்கியதாம். பல் பிடுங்கியபின் கொப்பளிக்கக் கொடுத்த ரோஸ் கலர் தண்ணியில் உதடு தடித்துப்போயிற்றாம். "இதையெல்லாம் ஏன்க்கா சொல்லல?" என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அவருக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்தது போல. "மருந்துன்னு கேட்டாங்க பாப்பா. துடைக்கிறது மருந்தா? வூடு துடைக்கிற தண்ணியப் போயி யாராச்சும் மருந்துன்னு சொல்வாங்களா?"

வழக்கு

மயக்க மருந்து டாக்டரிடம் ஓடினேன். "செல்வியக்காவுக்கு ஒத்துக்காதது குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினியாகத்தான் இருக்கும் சார். முதுகைத் துடைக்கிறதிலும் இருக்கும், குழாய்க்குத் தடவும் ஜெல்லிலும் இருக்கும், காயம் கழுவுகிறதிலும் கொப்பளிக்கிறதிலும் இருக்கும். அபூர்வம்தான். ஆனால் வருகிறவருக்கு முழுசாகத்தானே வருகிறது? ஊசி மருந்தென்றால் டெஸ்ட் டோஸ் பார்க்கிறோம், துடைப்பதைப் பற்றி யார் கேட்டோம்? மறுபடி அதே பஞ்சை எடுத்தால் இந்தத் தடவை பிழைப்பாரா?"

குறுக்கே பேசுவார் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவரோ கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டார். ஆபரேஷனைத் தள்ளிவைத்து, அலர்ஜி பரிசோதனைக்கு அனுப்பினார். அக்காவின் முன்கையில் அந்தக் கிருமிநாசினியில் ஒரு துளியை வைத்துக் குத்திய இடம் சுண்டைக்காய் மாதிரி எழும்பி நின்றது. நான் வக்கீலாகியிருக்க வேண்டியவளாம். ஆனால் வேண்டாம், இங்கேயே இருக்கணுமாம். டாக்டர் தெலுங்கில் சொன்னது இதுதான்: "நுவ்வு லாயர் காவால்சிந்தம்மா. வத்துலே, இக்கடே உண்டு."

கை

ஆபரேஷன் நாளன்று அந்த மருந்து கலந்த எதுவும் அந்த அறைக்குள் இல்லை. துடைக்க அயோடின், குழாய்க்கு வேறு ஜெல். சுவரில் மாட்டியிருந்த, நாங்கள் கையில் தேய்த்துக்கொள்ளும் பாட்டிலைக்கூட இறக்கிவிட்டோம். அதிலும் அது இருந்தது.

அக்கா பிடித்துக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினேன். அவர் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கைய எதுல கழுவின பாப்பா?"

"வெறும் சோப்புக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அதன்பிறகுதான் பிடித்தார். தறி ஓட்டிய பிடி. மரத்துப்போகிற ஊசி அவருக்குப் போடும் முன்பே என் விரல்கள் மரத்துவிட்டன. முதுகில் பழுப்பு நிறத்தில் அயோடின் பரவியது. எல்லோரும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடிப்புகூட எழும்பவில்லை.

முடிந்ததும் குனிந்து, கட்டியை எடுத்தாயிற்று என்றேன். வெளியே அவர் கணவர் தலைசுற்றி பெஞ்சில் சாய்ந்துவிட்டதையும் சொன்னேன். கண்ணோரம் நீர் வழிய அக்கா சிரித்தார்: "அந்தப் பயந்தாங்கொள்ளிக்கு ஒரு சோடா வாங்கிக் குடு பாப்பா."

இப்போதெல்லாம் வார்டில் யாராவது என் கையை நம்பாமல் தன் கையை இழுத்துக்கொண்டால், எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்கிற நான் வாயை மூடிக்கொண்டு சோப்பைத் தேடிப் போகிறேன்.