அதிகாரியின் கட்டில்

போன வாரம் குற்றாலத்தில் ஒரு விடுதி அறையைத் திறந்த வேகத்தில் சாத்திவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு தென்காசி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மெத்தையில் பூசண வாடை. எனக்குப் பழகிய வாடைதான். ஒரு காலத்தில் அதை விரட்டித்தான் சோறு தின்றேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

ஐம்பதுகளின் கடைசி. புளியறைச் சாயாக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த நான், சாயா வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று முதலாளியிடமே சொல்லிவிட்டேன். அன்றைக்கே வெளியே. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாய் மட்டும் காலேஜ் வரை போயிருந்தது. நனைந்துகொண்டே செங்கோட்டை வழியாக நடந்து, குற்றாலத்தில் ஒதுங்கிய இடம் அரசாங்கப் பங்களாவின் வாசல்.

பெரிய அதிகாரி சாரலுக்கு வந்து தங்கும் பங்களா அது. அதைப் பராமரித்தவர் மேஸ்திரி அண்ணாச்சி. கட்டடத்தின் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். கதவைத் திறந்தால் தூசி வரும், ஜன்னலைத் திறந்தால் குரங்கு வரும் என்று வருஷம் முழுக்கப் பூட்டியே காப்பாற்றினார். முந்தின வருஷச் சாரலில் அதிகாரி தலையணையைத் தட்ட, பச்சைப் பொடி பறந்ததாம். இன்னொரு தடவை இப்படி இருந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனவர், நான் ஒதுங்கியதற்கு மறுவாரம் வருகிறார்.

மெத்தையை வெயிலில் போடலாமென்றால், சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? கரியடுப்பு மூட்டிப் பார்த்தார் அண்ணாச்சி. பூசண வாடையோடு புகை வாடையும் சேர்ந்ததுதான் மிச்சம். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவர் மனைவி சிரித்தார்.

“மனுசன் படுக்காத மெத்தையில காளான்தான் படுக்கும். நீங்களாவது ஒரு நாள் படுத்தீங்களா?”

“அய்யா கட்டில்ல நானா? கண்ணு அவிஞ்சிரும்ட்டி!”

“அப்பம் பயப்படாத ஆளாப் பாருங்க.”

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏலே, சொறி சிரங்கு உண்டா?” என்றார் அண்ணாச்சி.

“இல்ல அண்ணாச்சி.”

“குறட்டை விடுவியா?”

“விட்டா மெத்தைக்கு என்ன அண்ணாச்சி?”

“வாய் இவ்வளவு நீளமா இருக்கே, உடம்புல சூடும் இருக்கும்லே.”

அண்ணாச்சி பென்ஷன் வாங்கும்வரை அங்கேயேதான் இருந்தார். அந்த ஓட்டுக் கட்டடத்தை இடித்து ரொம்பக் காலமாகிறது. இப்போது அங்கே நிற்கும் புதுக் கட்டடத்தில் ஏசி மிஷின் உறுமுகிறது. ஆள் படுத்து ஈரம் போக்கும் உத்தியோகம் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது. எனக்கு வாய்த்த ஒரே சர்க்கார் வேலை அதுதான். அந்தப் பேச்சுக்கு மறுநாள் காலையில் அருவியில் குளித்து, அண்ணாச்சி மனைவி கொடுத்த உலர்ந்த வேட்டியைக் கட்டி, வயிறு நிறையக் கஞ்சி குடித்துவிட்டு, அதிகாரியின் கட்டிலில் ஏறிப் படுத்து வேலைக்குச் சேர்ந்தேன்.