குலுக்காமல் விட்ட குடுவை

சிவபாக்கியம் போய்விட்டார் என்று பெல்மதுளையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இருந்தேன். அழுகைக்கு முன்னால் அவருடைய சிரிப்புத்தான் காதில் கேட்டது. அவரோடு ஒரு நாளாவது வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும்.

இந்தப் பகுதித் தோட்டங்களிலிருந்து பாக்டீரியாவின் மரபணுவை ஆராயப் புறப்பட்ட முதல் பெண் அவர். கரவனெல்லப் பக்கம் இறப்பர் பால் வெட்டும் குடும்பம். கிருமிகளைப் பற்றி அக்கம்பக்கத்தாரைப் போலப் பேசுவார். “இவுங்க சும்மா இருக்க மாட்டாங்க சேர். ஒருத்தர்கிட்ட இருக்கிறத இன்னொருத்தருக்குக் குடுத்துருவாங்க” என்பார்.

அவருடைய தங்கை லெட்சுமிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கொடுத்த மாத்திரைக்கு அது அடங்கவில்லை. வேறு மருந்து கொடுத்துத்தான் பிழைத்தாள். மாத்திரையை விழுங்காமல் வீசியதால்தான் கிருமிக்குத் திமிர் ஏறியது, இனி எல்லோருக்கும் பரவும் என்று தோட்டக் குடியிருப்பான லயமே அவளைத் திட்டியது. விழுங்கினேன் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சிவபாக்கியத்துக்குப் பொறுக்கவில்லை.

அந்த மருந்தைத் தொட்டே இராத அயலவர்களின் வயிற்றில் வாழும் சாதுவான கிருமிகளிலும், லெட்சுமியின் கிருமியில் இருந்த, மருந்தை எதிர்க்கும் அதே மரபணு இருப்பதைக் கண்டுபிடித்தார். அது காய்ச்சல் கிருமிக்குத் தாவும் என்று காட்ட வேண்டும். மருந்துக்கு அடங்கும் காய்ச்சல் கிருமியையும் சாதுவான கிருமியையும் ஒரே குடுவையில் வளர்த்தோம். மாதக்கணக்காக மண்டையை உடைத்தும் தாவவில்லை.

ஒருநாள் மின்சாரம் நின்றது. குடுவைகளைக் குலுக்கும் இயந்திரமும் நின்றது. “ஊத்திப்போட்டுப் புதுசாத் தொடங்குவம்” என்றேன் நான். என் யாழ்ப்பாணப் பேச்சை வழக்கம்போல் கேலி செய்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்க சேர், இதையும் தட்டுல போட்டுப் பார்ப்போம்” என்றார்.

மறுநாள் மருந்து கலந்த வளர்ப்புத் தட்டில் காய்ச்சல் கிருமியும் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்தது. ஒன்றோடொன்று ஒட்டி நின்றுதான் அவை மரபணுவைக் கைமாற்றும். நாங்களோ குலுக்கிக் குலுக்கிப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். சரி, சரி என்பதைச் சிங்களத்தில் “ஹரி, ஹரி” என்று கூவியபடி சிவபாக்கியம் மேசையைச் சுற்றி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். எங்கள் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோட்டத்துக்குப் போனோம். தண்ணீர் பிடிக்க வந்தவர்களை நிறுத்தி வைத்து, கிருமி கைமாற்றும் கதையைக் கைகாட்டிக் கைகாட்டி விளக்கினார். அந்த மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் அது வேலை செய்திராது என்றார். லெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் பொய் சொல்லலன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா அக்கா?”

“எனக்கு நீ சொன்ன அன்னிக்கே தெரியும். இது இவுங்களுக்கு.”

சிவபாக்கியத்தின் கட்டுரைகள் உலகத்துக்கு. நான் வைத்துக்கொண்டது அந்தப் பதிலை. ஒரு நோயாளி “விழுங்கினேன்” என்றால், முதலில் நம்புகிறேன். பிறகுதான் கிருமியைப் பார்க்கிறேன்.