ஒரு கடிதம் போதும் என்றார்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் சேலத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு வேதியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. கல்லூரிக்கும் விடுதிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதை எங்கள் காட்டில் விளைந்த மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் தாங்காது. சேலத்தில் இருந்த ஓர் அறக்கட்டளை மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை தருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒன்றுதான், அதற்கு மேல் வைக்கக்கூடாது என்று விண்ணப்பத்திலேயே அச்சடித்திருந்தது.

என்னிடம் இரண்டு வந்து சேர்ந்தன. முதலில் கேட்டது வேதியியல் சாரிடம். "எழுதித் தரேன்" என்றவர் நாளைத் தள்ளிக்கொண்டே போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தமிழ் டீச்சரிடம் போய் நின்றேன். அவர் என்மேல் பிரியமானவர். மலைமேல் அரியூர் நாட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தும் இருக்கிறார். அப்பா மிளகு பறிக்கும்போது, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, தொடை எலும்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது. அம்மா கூலி வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் கண் கலங்கித் திரும்பிப் போனார்.

இரண்டு பேரும் ஒரே நாளில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில் இரண்டையும் படித்துவிட்டேன். எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். அப்பா காட்டிலிருந்து வந்து கால் கழுவி உட்கார்ந்திருந்தார். எலும்பு கூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. லேசாகச் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். மரம் ஏறுவதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தார்.

சார் எழுதியதை முதலில் படித்துக் காட்டினேன். சின்னக் கடிதம். 'இந்த மாணவி புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் தலையாட்டியதில்லை. எனக்கே விடை தெரியாத கேள்விகளைக் கேட்டிருக்கிறாள். ஆய்வகத்தில் இவள் கையில் ஒரு கண்ணாடிக் குழாயும் உடைந்ததில்லை' என்று இருந்தது.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாரு, உன்னைய நல்லாத் தெரிஞ்சு எழுதியிருக்காரு."

பிறகு டீச்சருடையது. அது இரண்டு பக்கம். நடக்க இயலாத தந்தை, கூலிக்குப் போகும் தாய், ஒரு வேளைக் கஞ்சியோடு உறங்கப் போகும் வீடு, அந்த வீட்டின் ஒற்றை விளக்காக இந்தப் பெண். நன்றாக எழுதியிருந்தார். படிக்கும்போது என் குரலே எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டார். "நடக்க முடியாதவரு யாரு கண்ணு?"

"நாந்தான்" என்றார் அப்பா.

"நாம எப்ப ஒரு வேளை குடிச்சோம்? நீங்க படுத்துக் கெடந்தப்பக்கூட மூணு வேளையும் அடுப்பு எரிஞ்சுதுங்களே. யாரு ஊட்டுலயும் போயி நின்னதில்லீங்களே." அம்மா கொட்டைகளை ஒதுக்கித் தள்ளினார்.

"அந்தம்மா நம்ம நல்லதுக்குத்தான எழுதியிருக்குது" என்றார் அப்பா. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு என்னிடம், "இதையே வையி கண்ணு" என்றார்.

"சார் எழுதினதையே வெக்கறேங்கப்பா."

"நல்லாப் படிக்கற புள்ளைங்க ஊரு பூராவும் இருக்குதுங்க. இதப் படிச்சாத்தான் அவங்களுக்கு மனசு எறங்கும். நாலு வார்த்த கூடக் கொறைய இருந்தா நமக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

நான் மறுபடி மறுத்துப் பேசவில்லை. அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், என் வாயால் சொல்ல முடியாமல் இருந்தேன். அந்த நிம்மதிதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

உதவித்தொகை கிடைத்துவிட்டது. சேலத்தில் ஒரு மண்டபத்தில் விழா வைத்து, பெற்றோரில் ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா வருகிறேன் என்றார். கொடுக்கிறவர்களிடம் வெறுங்கையோடு போகக்கூடாது என்று எங்கள் மரத்திலேயே பெரிய பலாப்பழம் ஒன்றை முந்தின நாளே சாக்கில் கட்டி வைத்தார். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சாக்கு வாசலிலேயே கிடந்தது.

"பழம் எடுக்கலீங்களாப்பா?"

"கனமா இருக்குது. கெடக்கட்டும் வா." அதைவிடக் கனமான கிழங்கு மூட்டையை அவர் தினமும் தூக்குவார்.

மண்டபத்தில் மாணவர்கள் எல்லாரையும் மேடையில் உட்கார வைத்தார்கள். பெற்றோர்கள் கீழே. நிகழ்ச்சியை நடத்திய பெண்மணி ஒவ்வொருவரையும் அழைக்கும்போது அவரவர் பரிந்துரைக் கடிதத்திலிருந்து சில வரிகளை மைக்கில் படித்தார். எனக்கு முன்னால் ஏற்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன். கணக்கில் அவன் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவன் ஆசிரியர் எழுதியதைப் படித்ததும் கூட்டம் கை தட்டியது. அவன் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டு போய் வாங்கினான்.

என் முறை வந்தபோது அந்தப் பெண்மணி சில வரிகளோடு நிறுத்தவில்லை. இரண்டு பக்கத்தையும் படித்தார். நிறுத்தி, மூச்சு வாங்கிப் படித்தார். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். நான் அப்பாவைத் தேடினேன். ஏழெட்டு வரிசை தள்ளி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தந்தை இங்கே வந்திருக்கிறாரா? மேடைக்கு வாருங்கள் ஐயா."

அப்பா எழுந்தார். அவர் நடந்து வந்ததைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். ஒரு காலை இழுத்து இழுத்து, நாற்காலிகளின் முதுகைப் பிடித்துப் பிடித்து வந்தார். காலையில் பஸ் ஏறும்போது கால் அப்படி இல்லை. அவ்வளவு தூரம் மடக்கியே உட்கார்ந்து வந்ததில் பிடித்துக்கொண்டது போல என்று நினைத்தேன். படியருகே தொண்டர் பையன்கள் ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். அப்பாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மண்டபமே எழுந்து கை தட்டியது. மேடையில் எல்லோரும் தட்டினார்கள் என்று நானும் தட்டினேன்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் பஸ் உள்ளே நுழைந்ததும் டம்ளரை வைத்துவிட்டு வேகமாகப் போய் ஏறி எனக்கு இடம் பிடித்தார். அதைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் அம்மா கேட்டதற்கு, "நல்லா மரியாதையா நடத்துனாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு என் படிப்பு சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் அப்பா வரவில்லை. விடுதியில் கொண்டுபோய் விட்டது அம்மாதான். பட்டமளிப்பு விழா அன்று அப்பா குச்சிக்கிழங்கு லோடு ஏற்ற வேண்டும் என்றார். அன்று லாரி எதுவும் வரவில்லை என்று அம்மா பிறகு சொன்னார். நாமக்கல்லில் கோழித்தீவனம் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்து, அப்பாவை வாங்க வாங்க என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "வாரேன் கண்ணு, வாரேன்" என்பார்.

வேதியியல் சாரை ஒருமுறை ராசிபுரத்தில் பார்த்தேன். "என் லெட்டர் உதவிச்சாம்மா?" என்று ஆவலாகக் கேட்டார். டீச்சருடையதை வைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். "பரவால்ல, கிடைச்சுதில்ல, அது போதும்" என்றார். ஆனால் அவர் முகம் சட்டென்று வாடியதைப் பார்த்தேன்.

இந்த வருடம் மிளகு பறிப்புக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். மரத்தின்மேல் கூலிக்கு வந்த ஆள் பறித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் நானும் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் குந்தி உட்கார்வதும் எழுவதும் சுலபமாக இருந்தது. எதையோ பேசிக்கொண்டிருந்தவள் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு மேடைக்கு வரும்போது ஏங்கப்பா கால் அப்படி ஆயிருந்துச்சு? பஸ்ஸுல வந்ததாலயா?"

அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "கால் நல்லாத்தான் இருந்துச்சு சாமி."

"அப்பறம்?"

"நடக்க முடியாதவருன்னு மைக்குல படிச்சுட்டாங்க. நான் விறுவிறுன்னு ஏறி வந்தா என்ன நெனப்பாங்க? பொய்யி எழுதிக் குடுத்திருக்காங்கன்னு உனக்குக் குடுக்கறத நிறுத்திப்புட்டா என்ன பண்றது?"

கையில் இருந்த மிளகைக் கூடையில் போட்டேன். அவரே தொடர்ந்தார். "அந்தப் பசங்க வந்து கையப் புடிச்சானுங்க. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். உட்டுட்டேன். அது ஒண்ணுதான் எனக்கு..."

முடிக்கவில்லை. மரத்தைப் பார்த்து, "ஏனுங்க, அந்தப் பக்கத்துக் கொடிய உட்டுட்டீங்க பாருங்க" என்று சத்தம் போட்டார். நான் மண்ணில் கிடந்த மிளகைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

டீச்சர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பார்த்த ஒரு நாள் அப்படித்தான் இருந்தது. சாருடைய கடிதத்தை வைத்திருந்தால் பணம் கிடைத்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிடைத்திருக்கும் என்று சில நாள் தோன்றும். கிடைக்காமல் நான் ஊரிலேயே இருந்திருப்பேன் என்று சில நாள் தோன்றும். கிடைக்காமல் போயிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று அவர் கேட்பார். அவர்தானே அந்தக் கடிதத்தை வைக்கச் சொன்னார்.

கிளம்பும்போது மறுபடி கூப்பிட்டேன். பறிப்பு முடிந்ததும் நாமக்கல்லுக்கு வருவதாகச் சொன்னார். போன வருடமும் அப்படித்தான் சொன்னார்.