வளைவில் காத்திருந்த பஸ்

பலாங்கொடை பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். எதிர்க்கடையில் வாழைக்குலையைத் தொங்கவிடுகிறவரை எனக்குத் தெரிகிறது. எங்கள் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிய முஸ்லிம் அண்ணன்; 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். தேயிலைத் தோட்டத்தின் மேற்பகுதியிலிருந்து நான் இறங்கி வரும்வரை வளைவில் பஸ்ஸை நிறுத்தி வைத்திருப்பார். அதை விட்டால் வேறு பஸ் இல்லை. தூரத்தைச் சொல்லி என் படிப்பை நிறுத்த வீட்டில் யோசித்த காலம் அது.

கிட்டப் போகிறேன். "நானா, மேல் டிவிசன்ல இருந்து ஓடி வருவேனே, ஞாபகம் இருக்குங்களா? நீங்க நிப்பாட்டாட்டி நான் படிச்சிருக்கவே மாட்டேன்."

உற்றுப் பார்க்கிறார். "நீ ஓடி வாறது கண்ணாடியில தெரியுமே மகள். எப்பிடி விட்டுட்டுப் போறது?"

"இப்ப நான் டீச்சருங்க."

அவர் கண் கலங்குகிறது. உள்ளே இருக்கும் மனைவியைக் கூவி அழைக்கிறார்: "இங்க வந்து பாருங்க, நம்ம பஸ்ஸுல வந்த புள்ள டீச்சராம்!"