நாலும் ஃபுல் டிக்கெட்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள், எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் இருக்கும் ஒரு பழைய கோட்டையைப் பார்க்கப் போனோம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, நான். ஓசூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸின் முகப்பில் முந்தின நாள் கட்டிய வாழைக்கன்று வாடிப்போய், ஓட்டுநருக்குப் பாதை தெரியாதபடி ஆடிக்கொண்டே வந்தது.

போகலாம் என்று கிளப்பிவிட்டது மாமாதான். அவர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். மாம்பழ சீசன் முடிந்தால் சில மாசம் சும்மா இருப்பார். அந்த நாட்களில் எங்கே எதற்கு என்ன சலுகை உண்டு என்று விசாரித்து வைத்துக்கொள்வதுதான் அவர் பொழுதுபோக்கு. முழு டிக்கெட் எடுத்து ஓர் இடத்துக்குள் நுழைவது அவருக்குத் தோற்றுப்போன மாதிரி. அந்தக் கோட்டையில் பத்து வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது பதினொன்று. வயதை மீறிய உயரம் வேறு.

மாமா அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. அம்மாவிடம் சொல்லி எனக்குப் போன வருஷத்து கவுனைப் போடவைத்தார். ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியதிலிருந்து எனக்குப் பாடம் நடந்தது. வயது கேட்டால் ஒன்பது, வகுப்பு கேட்டால் நாலாவது. நான் தோளைக் குறுக்கி நிற்க வேண்டும், நெஞ்சை நிமிர்த்தக் கூடாது. கோட்டை வாசலில் இறங்கியதும் ஒரு குச்சி மிட்டாய் வாங்கி என் வாயில் வைத்தார். வாயில் மிட்டாய் இருந்தால் முகம் சின்னதாகத் தெரியுமாம், அதிகம் பேசவும் வேண்டியிருக்காதாம்.

அப்பா இதில் எதிலும் தலையிடவில்லை. சட்டைப்பையில் பணம் இருக்கிறதா என்று இடது கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அவருடைய வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. வெளியே கிளம்பினால் எப்போதும் அங்கேதான் இருக்கும். அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது, தகடு அழுத்தும் அந்த மிஷினில் அவருடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டுப் பிரித்த கொஞ்ச நாளில் அதே மிஷினுக்குத் திரும்பிப் போய்விட்டார். மிச்சமிருந்த விரல்களை வைத்துக்கொண்டு மற்றவர்களைவிட ஒரு தகடுகூடக் குறையாமல் வேலை செய்தார். ஆனால் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். பஸ்ஸில் இடது கையால் பணம் நீட்டுவார். கண்டக்டர் முறைத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊனச் சான்று வாங்கிவிடுங்கள், என்றைக்காவது உதவும் என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன கொறச்சல்?" என்பார் அப்பா. பேச்சு அதோடு நின்றுவிடும்.

எனக்கு அது வெறும் அப்பாவின் கை. அந்தக் கையால்தான் எனக்குப் பென்சில் சீவிக் கொடுப்பார். அதை அவர் மறைக்கிறார் என்பதே எனக்கு உறைத்ததில்லை.

டிக்கெட் கவுண்டரில் நல்ல கூட்டம். வரிசை நகரும் வரை சுவரில் கன்னடத்தில் இருந்த கட்டணப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்காரர்கள் கன்னடக்காரர்கள். அவர்கள் பெண்ணும் நானும் ஒரே வயது. அவள் மொட்டை மாடியில் கரித்துண்டால் எழுதி எழுதி எனக்குக் கன்னட எழுத்து முழுவதையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். எங்கள் நாலு பேரில் கன்னடம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

எங்கள் முறை வந்தது. கம்பிக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்று டிக்கெட் என்று மாமா கேட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். மாமா ஒத்திகை நடத்தியது முழுக்கத் தமிழில். கன்னடத்தில் கேள்வி வந்ததும் மிட்டாயை வாயிலிருந்து எடுத்து, தோளை நிமிர்த்தி, சுத்தமான கன்னடத்தில் ஆறாம் வகுப்பு என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வரும்போல் ஆயிற்று. செய்த தப்பை எப்படியாவது சரிக்கட்ட வேண்டும் என்று தவித்தேன். பலகையில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடல் ஊனமுற்றவர்களுக்கு அனுமதி இலவசம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

"நம்ம அப்பங்கெ எரடு பெரளு இல்லா," என்றேன், கம்பிக்குள் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. என் அப்பாவுக்கு இரண்டு விரல் இல்லை.

கன்னடத்து பெரளுக்கும் தமிழ் விரலுக்கும் அதிக தூரம் இல்லை. அரைகுறைக் கன்னடம் தெரிந்த அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் கை என் தோளில் வந்து இறுகியது. பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

நரைத்த மீசைக்காரர் நல்ல மனிதர். சான்று இருக்கிறதா என்று கேட்டார். அம்மா இல்லை என்று தலையசைத்தாள். பரவாயில்லை, கையைக் காட்டினால் போதும், விட்டுவிடுகிறேன் என்று இதமாகவே சொன்னார். மாமாவுக்கு உயிர் திரும்பியது. "காமிச்சிடுங்க மாமா, அவரே சொல்றாருல்ல," என்று அப்பாவின் காதோரம் சொன்னார்.

"டேய், சும்மா இரு," என்றாள் அம்மா.

அப்பா சட்டைப்பையிலிருந்து இடது கையால் நோட்டுகளை எடுத்தார். பிறகு வலது கையை பாக்கெட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தார். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் நோட்டுகளை மாற்றிப் பிடித்து, அந்தக் கையைக் கம்பிக்குள் நீட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். அவசரப்படாமல் நீட்டியபடி நின்றார்.

"நாலு டிக்கெட் சார்," என்றார்.

குழந்தைக்குப் பாதிதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சலுகை உண்டு என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

"நாலும் ஃபுல்லே குடுத்துடுங்க."

உள்ளே போகும்போது அப்பா அதே கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்பா மேல் கோபம். வேண்டாம் என்று அவர்களே சொல்லும் பணத்தை யாராவது கொடுப்பார்களா? அந்தப் பணத்துக்கு எத்தனை தட்டு சுருமுரிப் பொரி வாங்கியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே ராஜாவின் வாள்களையும் பல்லக்கையும் பார்த்தேன். மாமா எங்களுக்குப் பின்னால் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பொருளின் கீழும் எழுதியிருந்த கன்னடத்தை என்னைப் படிக்கச் சொன்னார் அப்பா. படித்தேன். நன்றாகப் படிக்கிறாயே என்றார். அப்படியென்றால் நான் சொன்னதில் தப்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் ஊர் திரும்பும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து, பள்ளியில் முழுப் பரீட்சைக்கு அட்டவணை போட்டிருந்த சமயம். ஒரு நாள் அப்பா லீவு போட்டுவிட்டு கிருஷ்ணகிரிக்குப் போனார். அதன்பிறகு இரண்டு மூன்று முறை போனார். கடைசியில் தன் படம் ஒட்டிய ஊனச் சான்று அட்டை ஒன்றோடு திரும்பி வந்தார். கம்பெனியில் மிஷின்களைக் குறைத்தார்கள் என்பதும், ஆட்களைக் கழித்தபோது அப்பாவின் பெயர் முதலில் வந்தது என்பதும், அந்த அட்டையைக் காட்டினால் கம்பெனி வாசல் கேட்டில் வண்டி எண் எழுதும் வேலையாவது கிடைக்கும் என்று யாரோ சொல்லியனுப்பினார்கள் என்பதும் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா ஒரு வழியாக அட்டை வாங்கிவிட்டார் என்பதுதான். அதை அவர் மடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படத்தில் அப்பா அழகாக இருந்தார்.

"இனிமே எல்லா கோட்டைக்கும் ஃப்ரீயாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா பாப்பா." என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, "சில எடத்துல கூட வர்ற ஒருத்தருக்கும் ஃப்ரீயாம்," என்றார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். நான் செருப்புகூடப் போடாமல் வீட்டுக்காரர் பெண்ணைத் தேடி மாடிக்கு ஓடினேன். கூட வரும் அந்த ஒருத்தி நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அது போதாமல் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், தமிழில் பாதிப் பேரிடமும் கன்னடத்தில் பாதிப் பேரிடமும், இருட்டும் வரை சொல்லிக்கொண்டே திரிந்தேன்.