மிச்சமான ஸ்க்ரூ

என் வீட்டுக்காரர் தையல் மெஷின் மெக்கானிக். ஊரில் பாதித் தையல் கடைகள் அவர் தயவில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் கவிழ்த்துப் போட்டு, கண்ணில் படுகிற ஸ்க்ரூவை எல்லாம் கழற்றிவிடுவார். யோசனை அதற்குப் பிறகுதான்.

ஆறு வருஷத்துக்கு முன் என் அண்ணன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் அப்படித்தான் திறந்தார். மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம், கடிகாரம் ஓடவில்லை. "மாப்பிள்ளைக்குப் பிரிக்க மட்டும்தான் தெரியும்" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். இவர் அந்த ஸ்க்ரூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர்தான், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அண்ணனும் வீம்பில் குறைந்தவர் இல்லை. நடுவில் கிடந்து அல்லாடியது நான்.

போன வாரம் அண்ணன் ஓர் அட்டைப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே அவருடைய மாடல் ரயில் இன்ஜின். பொம்மை என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஓட மாட்டேங்குது மாப்பிள்ளை. மேல்கூட்டைக் கழட்டிப் பாக்கணும்."

"நீங்களே கழட்டுவீங்களே மச்சான்."

அண்ணன் வலது கையை மேஜைமேல் வைத்தார். பக்கத்திலிருந்த தம்ளர் கிடுகிடுத்தது. கைநடுக்கம் வந்ததைப் போனில்கூடச் சொல்லவில்லை, பாவி மனுஷன்.

இதையும் இவர் கெடுத்தால் அண்ணன் இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். இவருக்கும் அது தெரியும். துண்டை நான்காக மடித்துப் போட்டு இன்ஜினைக் கவிழ்த்தார். அடியில் ஒரு ஸ்க்ரூ. கை சும்மா இருக்குமா? அரைச் சுற்று சுற்றிவிட்டார்.

"அது மோட்டாரைப் பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன் மெதுவாக.

இவர் காது சிவந்தது. அரைச் சுற்றைத் திருப்பி முறுக்கினார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, இன்னொருவரிடம் கேட்டார்: "அப்ப எப்படித்தான் கழட்டுறது மச்சான்?"

அண்ணன் சொல்லச் சொல்ல இவர் செய்தார். முன்னும் பின்னும் ரயில் பெட்டிகளை மாட்டுகிற கொக்கிகளை முதலில் உருவினார். அவை நீட்டிக்கொண்டிருந்தால் கூடு வராதாம். கூட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு விசிட்டிங் கார்டு செருகினார். உள்ளே பிளாஸ்டிக் கவ்விகள் விட்டுக்கொடுத்தன. தலைமுடி கனத்தில் இருந்த கைப்பிடிக் கம்பிகளில் விரல் படாமல் தூக்கினார். கூடு முழுசாக வந்தது.

பல்சக்கரத்தில் கம்பள நூல் சுற்றியிருந்தது. நூல் சிக்கெடுப்பது இவருக்குத் தினப்படி வேலை. கூட்டை மாட்டி, அண்ணன் கொண்டுவந்த துண்டுத் தண்டவாளத்தில் வைத்துக் கரன்ட் கொடுத்ததும் இன்ஜின் ஓடியது.

"மேஜையை நல்லாப் பாத்துக்கங்க மச்சான். எதுவும் மிச்சமில்ல." குரலில் பழைய காயம் இருந்தது.

அண்ணன் இன்ஜினை அட்டைப் பெட்டியில் வைத்து மூடினார். "அந்தக் கடிகாரம் இன்னும் ஆணியிலதான் தொங்குது. வேற யாரையும் நான் தொட விடல. ஞாயித்துக்கிழமை வாங்க."

இவர் டூல் பாக்ஸின் அடித்தட்டிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தார். துருப்பிடிக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றி, அந்த ஸ்க்ரூ அதற்குள் இருந்தது.